நான்கு மகள்கள், மூன்று மாநிலங்கள்: ஒரு விவசாயக் குடும்பம் போன வழியைக் காட்டும் ஒரே ஒரு தாள்

[திரையில்: அமெரிக்க வரைபடம், நான்கு புள்ளிகள்]

ஒரு வீட்டில் நான்கு பெண் பிள்ளைகள். மூத்தவர்கள் இருவரும் பிறந்தது விஸ்கான்சினில். மூன்றாவது பெண் கான்சஸில். கடைக்குட்டி அயோவாவில். 1880-இல் சென்சஸ்காரர் வந்து பெயர் எழுதும்போது குடும்பமே இருப்பது டகோட்டாவில்! இந்த இடங்களை வயது வரிசையில் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். கூண்டு வண்டி போன தடம் அப்படியே வந்துவிடும்.

வணக்கம் மக்களே. இது சார்லஸ் இங்கல்ஸ், கேரோலைன் தம்பதியின் குடும்பம். இரண்டாவது மகள் லாரா பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளர் ஆனார். ஆனால் அவர் எழுதிய எதையும் நான் தொடப்போவதில்லை. வெறும் அரசுத் தாள்களை மட்டும் வைத்து இவர்களைப் பின்தொடர முடியுமா என்று பார்ப்போம்.

பின்னணியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1862-இல் லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்திட்டார். 160 ஏக்கர் நிலம், ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து உழுது பயிரிட்டால் உங்களுடையது, சிறு கட்டணம் மட்டும். லட்சக்கணக்கான குடும்பங்கள் மேற்கே கிளம்பின. அவ்வளவுதான்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். அமெரிக்காவில் 1790 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை சென்சஸ். ஆனால் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் எல்லாம் 'இந்த வயதில் இத்தனை பேர்' என்ற வெறும் எண்கள். 1850-இல்தான் வீட்டில் இருந்த ஒவ்வொருவரின் பெயரும் வயதும் பிறந்த மாநிலமும் ஏறின. அதிலும் ஒரு கொடுமை: அடிமைப்படுத்தப்பட்டவர்களைத் தனிப் பட்டியலில், பெரும்பாலும் பெயரே இல்லாமல் எழுதினார்கள். அவர்களின் வம்சாவளியைத் தேடுபவர்கள் இன்றும் அந்தச் சுவரில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

பிறந்த மாநிலம் என்ற அந்தப் பத்தியைத்தான் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் எங்கெல்லாம் குடியிருந்தார்கள் என்று எந்தத் தாளும் கேட்கவில்லை. ஆனால் பிள்ளை பிறந்த இடத்தில் அம்மா இருந்தே ஆக வேண்டும் அல்லவா! மேரி 1865, லாரா 1867: இருவரும் விஸ்கான்சினின் பெப்பின் பகுதியில். கேரி 1870: கான்சஸில். கிரேஸ் 1877: அயோவாவின் பர் ஓக் ஊரில். பிறந்த வருடம்தான் தேதி, பிறந்த இடம்தான் முகவரி. குழந்தைகளே மைல்கல் மாதிரி நிற்கிறார்கள். முதல் தடவை இது புரிந்தபோது நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

கான்சஸ் தாளில் இன்னொன்றும் இருக்கிறது. 1870-இல் அங்கே கணக்கெடுத்தவர், இந்த நிலம் ஓசேஜ் என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களுடையது, குடியேறியவர்களுக்கு இதில் உரிமை இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார். 'காலியாகக் கிடந்த நிலம்' என்று யாராவது சொன்னால் இந்த ஒரு வரியைக் காட்டுங்கள். அடுத்த வருடமே இங்கல்ஸ் குடும்பம் விஸ்கான்சினுக்குத் திரும்பியது. ஓசேஜ் மக்களோ இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். மேற்கே போன எல்லோரும் மேற்கேயே போய்க்கொண்டிருக்கவில்லை, திரும்பியும் வந்தார்கள். உங்கள் தேடலில் ஒரு குடும்பம் காணாமல் போனால் கிழக்கேயும் ஒருமுறை தேடுங்கள்.

நிலக் கோப்புகள் தனிப் பொக்கிஷம். பட்டா வாங்க வருபவர் வீடு, கிணறு, உழுத ஏக்கர் எல்லாம் சொல்ல வேண்டும், அக்கம்பக்கத்தார் சாட்சி சொல்ல வேண்டும். அதற்குத் தனி வீடியோ போடுகிறேன், சப்ஸ்கிரைப் செய்து வையுங்கள்.

1890 சென்சஸைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 1921-இல் வாஷிங்டனில் பிடித்த தீயில் பெரும்பகுதி பாழாகிவிட்டது.

[திரையில்: கேரிக்கும் கிரேஸுக்கும் நடுவே ஒரு வெற்றுக் கட்டம்]

கேரிக்கும் கிரேஸுக்கும் நடுவே ஏழு வருட இடைவெளி. மற்ற பிள்ளைகளுக்கு இடையே இரண்டு, மூன்று வருடம்தான். இப்படி ஒரு இடைவெளியைப் பார்த்தால் நின்றுவிடுங்கள்.

அங்கே ஒரு பையன் இருந்தான். 1875 நவம்பர் 1-ஆம் தேதி மினசோட்டாவின் வால்நட் குரோவில் பிறந்தான். வெட்டுக்கிளிகள் கோதுமையைத் தின்று தீர்த்த காலம் அது. குடும்பம் அயோவாவுக்குக் கிளம்பியது. 1876 ஆகஸ்ட் 27-ஆம் தேதி, ஒன்பது மாதக் குழந்தையாக, போகும் வழியிலேயே இறந்துபோனான். 1870 தாளில் அவன் இன்னும் பிறக்கவில்லை. 1880 தாளில் அவன் இல்லை. அந்தச் சென்சஸோடு எடுத்த இறப்புப் பட்டியலும் கடைசி ஒரு வருட மரணங்களை மட்டுமே கேட்டது. ஆக, இந்த மூன்று பட்டியலிலும் அவன் பெயர் கிடையாது.

வீட்டு பைபிளில் இருக்கிறது. சார்லஸ் ஃப்ரெடரிக். அப்பாவின் பெயரையே வைத்திருந்தார்கள்.