பெண் பார்க்க ஒரு படம் வரைந்தார்கள், போனது தரகர் தலை!

ஒரு கல்யாணத்துக்குப் பெண்ணின் படம் கேட்டார்கள். படம் வந்தது, மாப்பிள்ளைக்குப் பிடித்தது, கல்யாணமும் நடந்தது. ஏழு மாதத்துக்குள் ஒரு தலை உருண்டது. பெண்ணின் தலை இல்லை. படம் வரைந்தவர் தலையும் இல்லை. சம்பந்தம் பேசி முடித்தவர் தலை!

வணக்கம் நண்பர்களே. மாப்பிள்ளை, இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி. ஆமாம், ஆறு கல்யாணம் செய்தவரேதான். இது நாலாவது.

முன்கதையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். மூன்றாவது மனைவி ஜேன் சீமோர் 1537-இல் பிள்ளை பெற்ற சில நாளில் இறந்துவிட்டார். பிரான்சும் பேரரசர் ஐந்தாம் சார்லஸும் கைகோர்த்ததால் ஹென்றிக்கு வெளியில் ஒரு கூட்டாளி தேவை. அரசியல் போதும், படத்துக்கு வருவோம்.

உருவப்படம் என்றால் நமக்குச் சுவரில் மாலையோடு தொங்குவதுதான் நினைவுக்கு வரும். அன்றைய ஐரோப்பிய அரண்மனைகளில் அது கடல் தாண்டிப் போகும் சரக்கு. ஆள் வர முடியாத இடத்துக்கு முகம் மட்டும் போகும். ஹென்றி முதலில் நேரிலேயே பார்க்கத்தான் ஆசைப்பட்டார். பிரெஞ்சுப் பெண்களைக் கலே துறைமுகத்துக்கு அழைத்து வாருங்கள், நான் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறேன் என்றார். எங்கள் பெண்கள் என்ன, விலைக்கு நிறுத்தும் குதிரைகளா என்ற தொனியில் பதில் வந்தது. சரி, ஓவியரையாவது அனுப்புவோம்!

(திரையில்: டென்மார்க் கிறிஸ்டினா, முழு உருவம்)

அந்த ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன். 1538 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸ் போய் டென்மார்க் கிறிஸ்டினா என்ற 16 வயது விதவையைப் பார்த்தார். கிறிஸ்டினா அவர் முன் உட்கார்ந்தது மூன்றே மணி நேரம். ஹென்றிக்குப் படம் பிடித்துப்போய், நாளெல்லாம் இசைக்கலைஞர்களை வாசிக்கச் சொன்னாராம். சம்பந்தம் கூடவில்லை. லண்டன் நேஷனல் கேலரியில் கிறிஸ்டினா கறுப்பு உடையில் இன்னும் நிற்கிறார். என்னைக் கேட்டால் ஹோல்பைன் வரைந்ததிலேயே அழகான படம் இதுதான்.

அடுத்தது 1539 ஆகஸ்ட், ஜெர்மனியின் டூரென். க்ளீவ்ஸ் பிரபுவின் சகோதரிகள் அன்னா, அமாலியா. (ஆங்கிலத்தில் அன்னாவை ஆன் என்பார்கள். அதில் ஒரு ஐ சேர்த்தால் ஆனை ஆகிவிடுகிறது. பாவம், ஏற்கெனவே அவரை நிறையப் பேர் கிண்டல் செய்துவிட்டார்கள். நாம் அன்னா என்றே கூப்பிடுவோம்.)

(திரையில்: அன்னா)

முகத்தை நேருக்கு நேராக வரைந்திருக்கிறார், நம் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி. ஹோல்பைன் பெரும்பாலும் முகத்தைச் சற்றுத் திருப்பித்தான் வரைவார். நேராக வரைந்தால் மூக்கு எவ்வளவு நீளம் என்று தெரியாது! ஆனால் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. அங்கே இருந்த ஆங்கிலேயத் தூதர், படம் அச்சு அசலாக இருக்கிறது என்றுதான் எழுதினார்.

இப்போது எனக்குப் பிடித்த இடம். 1540 ஜனவரி 1, இங்கிலாந்தின் ராச்செஸ்டர். கல்யாணத்துக்காக அன்னா வந்து தங்கியிருந்த ஊர். முறைப்படி சந்திக்கும்வரை ஹென்றியால் பொறுக்க முடியவில்லை. மாறுவேடம் போட்டுக்கொண்டு சில நண்பர்களோடு போய் நிற்கிறார். உண்மைக் காதலி எந்த வேடத்திலும் தன்னை அடையாளம் காண்பாள் என்று ஒரு கற்பனை! அன்னா ஜன்னல் வழியாக, மாட்டின் மேல் நாய்களை ஏவிவிடும் வேடிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 48 வயதில், காலில் ஆறாத புண்ணோடு, கனத்த உடம்புள்ள ஒரு ஆள் திடீரென்று வந்து கட்டிப்பிடித்து முத்தமிடுகிறார். பாஷையும் தெரியாது. அந்தப் பெண் என்ன செய்வார்? திரும்பவும் ஜன்னல் பக்கம் பார்த்தார். நானாக இருந்தாலும் மாட்டைத்தான் பார்த்திருப்பேன். ஹென்றி வெளியே போய், ஊதா வெல்வெட் அங்கி போட்டு அரசராகத் திரும்பி வந்தார். சுற்றி நின்றவர்கள் குனிந்து வணங்கினார்கள். ஆனால் அவமானம் உள்ளே இறங்கிவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். அன்னாவைக் குதிரை என்று திட்டியதாக ஒரு கதை உலவுகிறதே, அது நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து ஒருவர் எழுதியது.

ஜனவரி 6 கல்யாணம், ஜூலை 9 ரத்து. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். சம்பந்தம் பேசிய அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லுக்கு அது கழுத்தில் வந்து நின்றது. குற்றப்பத்திரிகையில் எழுதியது ராஜத்துரோகம், மத விரோதம். ஜூலை 28 தலை வெட்டப்பட்ட அதே நாளில் ஹென்றிக்கு ஐந்தாவது கல்யாணம்.

அன்னா? ரிச்மண்ட் அரண்மனை, ஹீவர் கோட்டை, அரசரின் அன்புச் சகோதரி என்ற பட்டம். ஹென்றியும் மற்ற ஐந்து மனைவிகளும் போன பிறகும் உயிரோடு இருந்து 1557-இல் இறந்தார். ஹோல்பைனுக்கும் தண்டனை இல்லை.

இதில் ஒரு குசும்பு இருக்கிறது. இதே ஹோல்பைன் 1537-இல் வைட்ஹால் அரண்மனைச் சுவரில் ஹென்றியையும் வரைந்தார். காலை அகட்டி, தோளை விரித்து, மலை மாதிரி நிற்கிறார். அசல் 1698 தீயில் போய்விட்டது, நகல்கள் இருக்கின்றன. புண்ணும் இல்லை, கட்டும் இல்லை!

(திரையில்: ஹென்றியும் அன்னாவும் பக்கத்தில் பக்கத்தில்)

இரண்டு படத்தையும் வைத்துவிட்டேன். ஃபில்டர் போட்டது யாருக்கு? கமெண்டில் சண்டை போடுங்கள், நான் அன்னா கட்சி.