முயலுக்குத் தண்ணீர் வைத்தால் செத்துவிடுமா? களுவாஞ்சிகுடியில் இருந்து வந்த கேள்வி

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தங்கச்சி குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். பிள்ளைகள் கேட்டு அழுததால் கடையில் இரண்டு வெள்ளை முயல் வாங்கினார்களாம். கரட்டும் பாணும்தான் சாப்பாடு. முயலுக்குத் தண்ணீர் வைத்தால் வயிறு ஊதிச் செத்துவிடும் என்று மாமி சொன்னதால் தண்ணீர் வைப்பதில்லை. இந்தக் கச்சான் வெக்கைக் காற்றுக்குள் ஒன்று நேற்றுப் பின்னேரத்தில் இருந்து எதையும் தின்னாமல் மூலையில் குந்திக்கொண்டு இருக்கிறதாம். காதைத் தொட்டால் சுடுகிறது, காய்ச்சலா என்று கேட்கிறார். பிள்ளைக்கு வாங்கிய அமொக்சிசிலின் பாணி மருந்து வீட்டில் மிச்சம் இருக்கிறது, அதில் கொஞ்சம் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்.

முயல் அரை நாள் தின்னாமல் இருந்தாலே அவசரம்தான். அதனால் இந்த வீடியோ வரும்வரை காத்திருக்க விடாமல், கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோகச் சொல்லி அவருக்கு அப்போதே பதில் போட்டுவிட்டேன். அரச கால்நடை அலுவலகங்களுக்கு வருவது பெரும்பாலும் மாடும் ஆடும் கோழியும்தான். போன் எடுத்து, முயல் பார்ப்பீர்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள். வீணாக வெயிலில் அலைய வேண்டாம், அந்த அலைச்சலே முயலைக் கொன்றுவிடும்.

இப்போது அந்தப் பாணி மருந்து. கொடுக்கவே கொடுக்காதீர்கள். முயலின் குடலுக்குள் புல்லைச் செரிக்க வைக்கிற நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அமொக்சிசிலின், பெனிசிலின் மாதிரி மருந்து வாய்வழியாகப் போனால் அந்த நல்ல கிருமிகள் சாக, நஞ்சு சுரக்கிற கிருமிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மறுகா கழிச்சல்தான், முயலைக் காப்பாற்றுவது கஷ்டம். முயலுக்குக் கொடுக்கக்கூடிய அன்டிபயோட்டிக் இருக்கிறது, அதை வைத்தியர் பார்த்துத் தரட்டும். அதேபோல நாய்க்கு உண்ணி போக முதுகில் விடுகிற மருந்தில் ஃபிப்ரோனில் இருந்தால் அதுவும் முயலுக்கு ஆகாது.

தண்ணீர்க் கதைக்கு வருவோம். இது எங்கள் பக்கத்தில் நெடுநாளாகச் சொல்லிவருகிற கதை. எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. வளவுக்குள் விட்டு வளர்த்த முயல் நாள் முழுக்கப் பச்சைப் புல் தின்னும். புல்லில் பெரும்பங்கு நீர்தானே, அதனால் அது தண்ணீர்ச் சட்டிப் பக்கம் அதிகம் போகாது. பார்த்தவர்கள் தேவையில்லை என்றிருப்பார்கள், போகப் போக அதுவே கூடாது என்று ஆகிவிட்டது. கூட்டுக்குள் பாண் தின்கிற முயலின் நிலை வேறு. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 150 மில்லிலீற்றர் வரை முயல் குடிக்கும், வெக்கையில் இன்னும் கூடக் குடிக்கும். கவிழாத மண்சட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருக்க வேண்டும்.

மாமியைக் குறை சொல்லவும் முடியாது, வயிறு ஊதிச் செத்த முயலை அவர் கண்ணால் பார்த்திருப்பார். பழி தண்ணீருக்கு விழுந்தது, வேலை பார்த்தது பாண். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்பக்கமாகத்தான் வெளியே வர வேண்டும். அதைத் தள்ளிக்கொண்டு போவது புல்லில் இருக்கிற நார். நார் இல்லாமல் மாவும் சீனியுமாகப் போனால் குடல் மெதுவாகும், காற்றுச் சேரும், நோவில் தின்னாது, தின்னாததால் குடல் முழுதாக நின்றுவிடும். தண்ணீரும் இல்லையென்றால் உள்ளே இருப்பது காய்ந்து இறுகிவிடும். கரட்டும் இனிப்புத்தான் தங்கச்சி, படத்தில் பார்க்க வடிவாக இருக்கும், அவ்வளவுதான். எப்போதாவது விரல் நுனி அளவு துண்டு போதும்.

அதனால் விடிந்ததும் முதல் வேலையாகக் கூட்டுக்குக் கீழே பாருங்கள். நல்ல புழுக்கை உருண்டையாக, ஒரே அளவாக, காய்ந்து இருக்கும். விரலால் நசுக்கினால் உதிர்ந்து உள்ளே புல் நார் தெரியும். சிறுத்துப்போய் இருந்தால், வழக்கத்தில் பாதிதான் கிடந்தால், மயிரில் கோத்து மாலையாகக் கிடந்தால் அன்றைக்கே கவனிக்க வேண்டும். இன்னொரு விதமும் போடும். கருமையாக, ஈரமாக, முந்திரிகைக் குலை மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்கும். அதை முயல் குனிந்து தன் பின்பக்கத்தில் இருந்தே எடுத்துத் தின்னும். அருவருப்பாக இருக்கிறது என்று தடுக்காதீர்கள், அதில்தான் அதற்கு வேண்டிய விற்றமின் இருக்கிறது. ஆனால் அது தின்னப்படாமல் தரையில் அப்பிக் கிடந்தால் பெரும்பாலும் மாவும் இனிப்புமான தீனி கூடிப்போச்சு என்று அர்த்தம்.

சரி, காது சுடுகிறதே? முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் வெளியே விடும், அதனால் வெக்கை நேரத்தில் காது சுடுவதை மட்டும் வைத்துக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. வாயைத் திறந்து இளைத்தால், மூக்கு நனைந்திருந்தால், கால்களை எறிந்துவிட்டு எழும்பாமல் கிடந்தால் அதுதான் ஆபத்து. தின்னாமல் இருக்கிற முயலின் காது சில்லென்று குளிர்ந்திருந்தால் அது இன்னும் மோசம்.

தென்மேல் பருவக் காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் அந்தப் பக்கத்தில் கொட்டிவிட்டுக் காய்ந்த காற்றாக எங்களிடம் வருகிறது, அதுதான் கச்சான். வைகாசி முதல் ஆடி, ஆவணி வரை மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று எங்கும் மத்தியானத்தில் மனிதனுக்கே முடியாது. 30 பாகை செல்சியஸுக்கு மேலே போனால் முயல் தவிக்கத் தொடங்கும். தகரக் கூரைக்குக் கீழே கூட்டை வைக்காதீர்கள். மாமர நிழலில் வையுங்கள், நாயும் கீரியும் வராத உயரத்தில். போத்தலில் தண்ணீர் நிரப்பி உறைய வைத்து, துணியில் சுற்றிக் கூட்டுக்குள் போட்டால் முயல் தானாகவே வந்து சாய்ந்து படுக்கும். கூட்டின் ஒரு பக்கத்தில் நனைத்த சாக்கைத் தொங்க விடலாம். ஈரத் துணியால் காதை மட்டும் துடைத்துவிடலாம். ஃபேனை மட்டும் நம்பாதீர்கள், வியர்வை இல்லாத உடம்பில் வெறும் காற்றால் பெரிய பயன் இல்லை.

தீனிக்குக் காசு செலவழிக்கவே தேவையில்லை. கினிப்புல்லும் அறுகும் எங்கும் கிடக்கின்றன. கினிப்புல்லை வெட்டி நிழலில் காய வைத்துக் கட்டிவைத்தால் செல்லப்பிராணிக் கடையில் விற்கிற காய்ந்த புல்லை விட மோசமில்லை. தின்பதில் பெரும்பங்கு புல்லாக இருக்கட்டும். கடைத் தீனி ஒரு பிடிக்குள் நிற்கட்டும். வல்லாரை, பொன்னாங்காணி கொடுக்கலாம், முருங்கை இலை கொஞ்சம். இபில் இபில் இலையை ஆட்டுக்கு வெட்டுகிறோம் என்று இதற்கும் போடாதீர்கள், மயிர் கொட்டும். அம்பாறைப் பக்கத்து ஆட்களுக்கு ஒன்று: வயல் வரம்புப் புல் பச்சைப் பசேலென்று ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் களைநாசினி எப்போது அடித்தார்கள் என்று வயல்காரரிடம் கேட்காமல் அதில் கை வைக்க வேண்டாம். வைக்கோலில் சத்து இல்லை. அதைக் கூட்டின் கம்பித் தரையில் தடிப்பாகப் பரப்புங்கள், வெறும் கம்பியில் நின்றால் பாதம் புண்ணாகிவிடும்.

மற்றது, இரண்டும் பெண் என்று கடைக்காரர் சொன்னதை நம்பிச் சேர்த்து விடாதீர்கள். மூன்றரை, நாலு மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஆணும் பெண்ணுமாக இருந்தால் 31 நாளில் குட்டி, இரண்டும் ஆணாக இருந்தால் கடித்துக் கிழித்துக்கொள்ளும். வைத்தியரிடம் போகும்போது அதையும் பார்த்துத் தரச் சொல்லுங்கள்.

பதிவின் கடைசியில் ஒரு தம்பி போனைப் பறித்து, 'முயலைச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டலாமா?' என்று கேட்கிறார். வேண்டாம் மகன். முயல் தானே நக்கிச் சுத்தமாகிக்கொள்ளும், தண்ணீரில் முக்கினால் பயத்திலேயே செத்தும் போகலாம். பின்பக்கத்தில் மலம் ஒட்டியிருந்தால் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து துடைத்துவிடும்படி அம்மாவிடம் சொல்லுங்கள், பிறகு நன்றாக உலர்த்த வேண்டும். மாரியில் இதைத் தினமும் பார்க்க வேண்டும். ஈரமும் மலமுமாக இருந்தால் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும்.