எந்தக் கரைக்கு எந்த எழுத்து?

(சமூக மன்றக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, வேறு இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவிலும் நமக்காக வந்திருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, அடித்தளத் தலைவர்களே, மன்றத்தின் மாதர் குழுவினரே, நாற்காலி போதாமல் பின்சுவரோரம் நிற்கும் இளையர்களே, எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசை முழுக்க ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள். ஒரு சந்திப்பிழை விழுந்தால் ஆறு பேனா எழும் என்பது தெரிந்தேதான் ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன். தலைவர் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளில் பாதியைத் திருப்பித் தந்துவிடுகிறேன், மீதி இருக்கட்டும்.

சீனம் பேசும் ஊர்களுக்குள்ளேயே ஓர் ஊரைவிட்டு இன்னோர் ஊருக்குக் குடிபெயர்வதைப் பற்றிப் பேச்சு. தமிழ் மேடையில் இது எதற்கு என்று கேட்பீர்கள். இங்கே சிங்கப்பூரில், நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் மின்தூக்கியில் காலையில் தலையசைக்கும் புதுப் பக்கத்து வீட்டுக்காரர் ஹாங்காங்கிலிருந்தோ தைப்பேயிலிருந்தோ வந்தவராக இருக்கலாம், அதற்காகத்தான். தாள், பணம், படை, மொழி என்று நான்கு செய்தி சொல்ல வந்திருக்கிறேன்.

தைவான் நீரிணையின் இரு பக்கத்தையும் சேர்த்துச் சீனர்கள் ‘லியாங் ஆன்’ என்பார்கள். இரு கரை என்று பொருள். நம்மிடம் இருப்பதோ ‘இக்கரைக்கு அக்கரை பச்சை’. பழமொழியை அவர்களுக்காகவே செய்துவைத்த மாதிரி இல்லை?

முதலில் தாள், அதாவது ஆவணங்கள். ஹாங்காங்கில் 2019 போராட்டங்களுக்குப் பிறகு, 2020 ஜூன் 30 இரவு, எதிர்ப்புக் குரலை ஒடுக்கும் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தைப் பெய்ஜிங் கொண்டுவந்தது. மறுநாளே, ஜூலை 1 அன்று, ஹாங்காங் மக்களுக்கென்று தைப்பேயில் ஒரு சேவை அலுவலகம் திறந்தார்கள். கதவு திறந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். ஆனால் தைவானில் அகதிச் சட்டமே கிடையாது. ஹாங்காங், மக்காவ் விவகாரச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசியல் காரணத்தால் ஆபத்தில் இருப்பவருக்குத் ‘தேவையான உதவி’ செய்யலாம் என்கிறது, அவ்வளவுதான். மற்றவர்களுக்குப் படிப்பு, வேலை, குடும்பம், முதலீடு ஆகிய வழிகளே.

முதலீட்டு வழிக்கு 6 மில்லியன் தைவான் டாலர் வேண்டும். 2020இல் விதியை இறுக்கினார்கள்: கடையை மூன்று ஆண்டு உண்மையாகவே நடத்த வேண்டும், உள்ளூர்க்காரர் இருவரை வேலைக்கு வைக்க வேண்டும். பெயர்ப்பலகை மட்டும் மாட்டிய நிறுவனங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. இன்னொரு சறுக்கல்: ஹாங்காங் கடப்பிதழும், பிரிட்டன் தன் பழைய குடியேற்றமான ஹாங்காங்கின் மக்களுக்குத் தரும் பிஎன்ஓ கடப்பிதழும் தவிர வேறு கடப்பிதழ் இருந்தால், தைவான் சட்டப்படி நீங்கள் ஹாங்காங்வாசியே இல்லை, வெளிநாட்டவர். 1997இல் ஹாங்காங் சீனாவின் கைக்குப் போகுமுன், எதற்கும் இருக்கட்டும் என்று கனடா கடப்பிதழ் வாங்கி வைத்தவர்களுக்கு இது அதிர்ச்சி. குற்றப்பதிவு இல்லை என்ற சான்றிதழையும் ஹாங்காங் காவல்துறை உங்கள் கையில் தராது; கேட்கும் அலுவலகத்துக்கு நேரே அனுப்பிவிடும். அதனால் எந்த அலுவலகம் கேட்கிறது என்ற கடிதத்தை வாங்கிக்கொண்டுதான் விரல்ரேகை கொடுக்கப் போக வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஆள் போகிறது. 2018 செப்டம்பர் 1 முதல், பெருநிலச் சீனாவில் ஆறு மாதம் இருந்த தைவான்காரர், வேலையோ வீடோ படிப்போ இருந்தால் 18 இலக்க எண் கொண்ட வசிப்பிட அட்டை வாங்கலாம். ரயில் சீட்டும் வங்கிக் கணக்கும் எளிதாகிவிடும். ஆனால் அட்டையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அங்கே ‘ஹூகோ’ என்னும் குடும்பப் பதிவோ சீனக் கடப்பிதழோ எடுத்துவிட்டால், தைவானில் உங்கள் குடும்பப் பதிவு ரத்து. வாக்குரிமை முதல் எல்லாம் போயிற்று.

அந்த ஹூகோவை ரத்து செய்யப் போன இடத்திலேயே மாட்டிக்கொண்டவர் உண்டு. சீனாவில் பிறந்து தைவானில் குடியேறிய பதிப்பாளர் லி யான்ஹே, தைவான் குடியுரிமைக்கான கடைசித் தாளுக்காக 2023 மார்ச்சில் ஷாங்காய் போனார். பிடித்துவிட்டார்கள். 2025இல் 9 ஆண்டுத் தண்டனை. இக்கரைக்கு அக்கரை பச்சைதான் ஐயா, ஆனால் அக்கரைக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வா என்கிறார்களே!

புத்தகக்காரர் பேச்சு வந்ததால் இன்னொருவரைச் சொல்லாமல் விடக் கூடாது. ஹாங்காங்கின் காஸ்வே பே புத்தகக் கடையில் பெய்ஜிங் தலைவர்களைப் பற்றிய கிசுகிசு நூல்கள் விற்கும். கடையைக் கவனித்தவர் லாம் விங்-கீ. 2015 அக்டோபரில் ஷென்ஜென் எல்லையைத் தாண்டியவரைக் காணோம். சீனாவின் நிங்போ நகரில் ஓர் அறையில் அடைத்துவிட்டார்கள். இரவு பகலாகக் காவல். பல்துலக்கியைக்கூட நூலில் கட்டி, மறுமுனையைக் காவலர் பிடித்திருப்பாராம், விழுங்கிவிடுவாரோ என்று! (சிரிப்பு) சிரிக்கிறீர்கள், அவருக்கு அது ஐந்து மாதம். 2016 ஜூனில், வாடிக்கையாளர் பட்டியல் இருக்கும் கணினித் தட்டை எடுத்துவா என்று ஹாங்காங்குக்கு அனுப்பினார்கள். எடுத்தது தவறான தட்டு. அதனால் ஓர் இரவு கூடுதலாகக் கிடைத்தது. அந்த இரவில் தமக்காக ஊரே ஊர்வலம் போன செய்தியைப் படித்தார். மறுநாள் எல்லைக்குப் போகும் ரயிலேறி, வழியில் கவ்லூன் டோங் நிலையத்தில் இறங்கினார். ஒரு சிகரெட். இரண்டாவது. மூன்றாவது. மூன்றும் முடிந்தபோது திரும்பிப் போவதில்லை என்று முடிவாகிவிட்டது, செய்தியாளர்களைக் கூட்டிவிட்டார். 2019 ஏப்ரலில், ஆளைச் சீனாவிடம் ஒப்படைக்க வழிசெய்யும் மசோதா வருகிறது என்றதும் தைவானுக்குப் புறப்பட்டார். சரியாக ஓராண்டு கழித்து, 2020 ஏப்ரல் 25 அன்று, தைப்பேயில் ஒரு கட்டடத்தின் பத்தாம் மாடியில் அதே பெயரில் கடை. திறப்பதற்குச் சில நாள் முன்பு அவர்மேல் சிவப்புச் சாயம் ஊற்றினார்கள். தலையைக் கழுவிக்கொண்டு கடையைத் திறந்தார். பொதுமக்கள் திரட்டிக் கொடுத்த பணம் ஏறத்தாழ 6 மில்லியன் தைவான் டாலர். முதலீட்டாளரிடம் கேட்கும் தொகையும் அதுவே என்பதைக் கவனித்தீர்களா?

மொழிக்கு வருகிறேன். சீனர் சீனர் ஊருக்குத்தானே போகிறார், மொழிக்கு என்ன குறை என்று நாம் நினைப்போம். ஹாங்காங் பிள்ளை வீட்டில் பேசுவது கான்டனீஸ். படிப்பது பழைய முழு எழுத்து. தைப்பேயில் எழுத்து அதுவே, பேச்சு மாண்டரின். ஆனால் முதலாம் வகுப்பின் முதல் பத்து வாரம் போபொமோஃபோ என்ற 37 ஒலிக்குறிகள்தான் பாடம். நடுவில் வந்து சேரும் பிள்ளை அதைத் தவறவிட்டால் அகராதி பார்க்கவும் தட்டச்சு செய்யவும் திண்டாடும். புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே அந்த 37ஐ வீட்டில் முடித்துவிட வேண்டும். ஷாங்காயிலோ எழுத்தே சுருங்கிவிடும், கோடுகளைக் குறைத்த எளிய வடிவம். ஒலிக்கு ரோமன் எழுத்து. காய்கறிக் கடையில் ‘தூதோவ்’ என்று கேட்டால் பெருநிலத்தில் உருளைக்கிழங்கு கிடைக்கும், தைவானில் வேர்க்கடலை!

நம் சிங்கப்பூருக்கு வந்தால்? பெற்றோருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்னும் வேலை அனுமதி: 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி, நிதித்துறையில் 6,200, வயது ஏற ஏற அதுவும் ஏறும். பிள்ளைக்கு ஆங்கிலவழிப் பள்ளி, தாய்மொழிப் பாடமாக மாண்டரின், சுருக்க எழுத்து. அந்தப் பிள்ளையின் கான்டனீஸ் எங்கே? 1979இல் மாண்டரின் பேசுவோம் இயக்கம் தொடங்கியது. ஹொக்கியனும் கான்டனீஸும் வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் மெல்ல மறைந்தன. நம் தமிழ் பள்ளியில் இருக்கிறது, நாணயத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டியின் மொழி இரண்டிலும் இல்லை.

எந்த மேடையில் ஏறினாலும் வீட்டுத் தமிழில்தான் இறங்குவேன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். 2010 கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் தமிழ் பேசியவர்கள் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. ஆட்சிமொழித் தகுதி இல்லாத சீனக் கிளைமொழிகள் அதே காலத்தில் 14.3லிருந்து 8.7க்கு இறங்கின. பள்ளியில் இடமில்லாதவர்களுக்கு நேர்ந்தது, இடம் இருந்தும் நமக்கும் நேர்கிறது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று, கான்டனீஸ் பேசும் அந்த ஹாங்காங் பிள்ளையின் தாய் நம்மைப் பார்த்துச் சொல்கிறாள்; நம் கரையில் புல் காய்வது அவளுக்குத் தெரியாது.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பணமும் படையும் நின்றுபோயின. இரண்டு வரி மட்டும்: ஹாங்காங் கட்டாய சேமநிதியை நிரந்தரமாக வெளியேறுகிறேன் என்று சொல்லி முன்கூட்டியே எடுப்பது வாழ்நாளில் ஒருமுறைதான், அவசரப்படக் கூடாது. ஆண்பிள்ளை இருந்தால் தைவானில் ஓராண்டுப் படைச் சேவை, இங்கே நிரந்தரவாசியாகும் மகனுக்கு ஈராண்டு தேசிய சேவை. விண்ணப்பம் போடுமுன் அவனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொல்ல ஆள் தேவை. வாசல் மேசையில் பெயர் எழுதத் தாள் வைத்திருக்கிறார்கள். பேனா இரண்டுதான் இருக்கிறது, தமிழாசிரியர்கள் தங்கள் பேனாவைக் கடன் கொடுக்கலாம். வணக்கம்.