கறுத்தக்கொழும்பானுக்கு நாற்காலி போட்டவர்

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, பேராதனையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் விவசாய பீட மாணவர்களே, வணக்கம்.

வரும் வழியில் வெள்ளவத்தைச் சந்தையில் கொஞ்சம் நின்றேன். "ஐயா, அசல் கறுத்தக்கொழும்பான், யாழ்ப்பாணத்துச் சாமான்" என்றார் வியாபாரி. பெயரில் கொழும்பு, வருவது யாழ்ப்பாணத்திலிருந்து! பக்கத்துக் கூடையில் விலாட். "ரெண்டும் மாம்பழம்தானே?" என்று சும்மா கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் பார்த்ததில் பிழையில்லை. தாவரவியல் ஏட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்: மாங்கிஃபெரா இண்டிகா. நாக்குக்குத் தெரிந்த வித்தியாசம் ஏட்டுக்குத் தெரியவில்லை. அந்த வித்தியாசத்துக்கு விஞ்ஞானத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தவர் லிபர்ட்டி ஹைட் பெய்லி.

1858 மார்ச் 15ஆம் திகதி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சவுத் ஹேவன் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனாருக்குப் பழத்தோட்டம். சின்ன வயதிலேயே தாயை இழந்த பிள்ளை. அப்பிள் விதையைப் புதைத்தால் அப்பிள் மரம் வரும்; ஆனால் தாய் மரத்தின் பழம் வராது. அதற்குக் கொப்பு வெட்டி ஒட்டுக் கட்டவேண்டும். அந்தப் பொடியன் அயலவர்களின் மரங்களுக்கும் ஒட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறான்.

1882இல் மிச்சிகன் விவசாயக் கல்லூரியில் பட்டம். பிறகு ஹார்வர்டில் ஏசா கிரேயிடம் உதவியாளர். அமெரிக்கத் தாவரவியலில் கிரேக்கு மிஞ்சி அன்றைக்கு ஆளில்லை. 1885இல் பழைய கல்லூரி தோட்டக்கலைப் பேராசிரியராக வரும்படி பெய்லியைக் கூப்பிட்டது. தெரிந்தவர்கள் தடுத்தார்கள். காட்டுச் செடியை ஆராய்ந்தால் விஞ்ஞானி, கோவாவை ஆராய்ந்தால் தோட்டக்காரன் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. நம் வீடுகளில் மட்டும் என்ன? மருத்துவ பீடம் கிடைக்காவிட்டால்தானே விவசாயம்! மாணவர்கள் சிரிக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும்.

பெய்லி போனார். 1888இல் கோர்னெல் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1903 முதல் 1913 வரை அங்கே விவசாயக் கல்லூரியின் பீடாதிபதி. 1904இல் நியூயோர்க் மாநிலமே அந்தக் கல்லூரியைப் பொறுப்பேற்கச் செய்தார். 1908இல் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் அமைத்த கிராம வாழ்க்கை ஆணைக்குழுவுக்கும் அவர்தான் தலைவர். இந்தப் பதவிப் பட்டியலைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. கிராமத்துப் பிள்ளைகளைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வேலியோரம் போய்ப் புழுவையும் பூவையும் பார்க்கச் சொல்லும் இயற்கைக் கல்வியை, அன்னா கொம்ஸ்டொக் என்ற அம்மையாரோடு சேர்ந்து வளர்த்தார். பெண்களைப் பேராசிரியராக்கப் பல்கலைக்கழகங்கள் தயங்கிய காலத்தில் அவர்களுக்காக வாதாடினார்.

55 வயதில் பதவியை உதறினார். யாரும் துரத்தவில்லை. 25 வருடம் படிப்பு, 25 வருடம் உழைப்பு, மிச்சம் தன் விருப்பத்துக்கு என்று முன்னமே போட்ட கணக்கு. கதிரையை விட்டு இறங்கத் தெரிந்த பீடாதிபதி! இதை நான் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

1923இல், மனிதர் தெரிந்தெடுத்து வளர்த்துக் காப்பாற்றும் வகைக்குக் 'கல்டிவார்' என்று பெயர் வைத்தார். 'பயிரிட்ட', 'வகை' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் துண்டுகளைச் சேர்த்த சொல். ஒட்டுக் கட்டிய கை, சொல்லிலும் ஒட்டுத்தான் கட்டியது. 1953இல் பயிர்ப் பெயர்களுக்கென்றே ஒரு சர்வதேச விதிக்கோவை வந்தது. இன்றைக்கு லத்தீன் பெயருக்குப் பக்கத்தில், ஒற்றை மேற்கோள்குறிக்குள், சந்தை வியாபாரி சொன்ன பெயரும் சரிசமமாக உட்காரலாம்.

கடைசிக் காலத்தில் அவருக்குப் பிடித்த பைத்தியம் பனைக் குடும்பம். நாங்கள் பனையைக் கற்பகதரு என்று சொல்லிவிட்டு வெட்டுகிறோம். அவரோ 1948இல் கோர்னெலில் 90ஆவது பிறந்தநாள் விழாவுக்கு ஏற்பாடு நடக்கும்போது, மேற்கிந்தியத் தீவுகளில் பனை தேடிக்கொண்டிருந்தார். விழாதான் அவருக்காகக் காத்திருந்தது. அடுத்து ஆபிரிக்கா போக ஆயத்தம். நியூயோர்க்கில் ஒரு சுழல்கதவு இடித்துக் கால் முறிந்தது. காடுகள் செய்யாததை ஒரு கதவு செய்தது. 1954 நத்தார் தினத்தன்று காலமானார்.

தன் உலர்தாவரச் சேகரிப்பையும் நூலகத்தையும் 1935இலேயே கோர்னெலுக்குக் கொடுத்திருந்தார். அதைப் பராமரித்தவர் மகள் எதெல். விதைக்கடை, நாற்றுமேடை விலைப்பட்டியல்களைச் சேர்த்து, எந்தச் செடி எங்கே விற்பனைக்கு இருக்கிறது என்று அட்டை அட்டையாக எழுதிவைத்தார் அந்த அம்மா. ஒருநாள் அங்கே போக எனக்கு ஆசை. மாம்பழ அட்டைகள் உள்ள இழுப்பறையைத் திறந்து, கறுத்தக்கொழும்பானை யாராவது எழுதிவைத்திருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும்.