ஒரு ஷில்லிங், பத்து பென்ஸ்

நடுவர் அவர்களுக்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளைகளுக்கும், ஒன்பது மணியாகியும் எழுந்து போகாத உங்களுக்கும் வணக்கம். சினிமாவை நமக்குத் தந்தது கனவு கண்டவர்களா, கணக்குப் போட்டவர்களா? கனவு கண்டவர்கள்தான். தலைப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரணித் தம்பி போகிற போக்கில் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டார். "வில்லியம் ஃப்ரீஸ்-கிரீன் செத்தபோது பையில் இருந்தது ஒரு ஷில்லிங் பத்து பென்ஸ். ஒரு டீக்கடை வைத்துப் பிழைக்கத் தெரியாத மனுஷனா சினிமாவுக்கு முன்னோடி?" நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்லாத்தான் இருந்தது. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஆக மொத்தமே 22 பென்ஸ். அந்தச் சில்லறைக்கு அப்புறம் வருகிறேன்.

1855ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்தபோது அவர் வெறும் வில்லியம் கிரீன். போட்டோ ஸ்டூடியோவில் தொழில் கற்றார். 1874ல் ஹெலினா ஃப்ரீஸ் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, மனைவியின் பெயரை எடுத்துத் தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டார்! பெண்கள் பக்கம் சத்தத்தைப் பாருங்கள். இந்த விஷயத்தை இத்தனை நாள் என் வீட்டில் சொல்லாமல் வைத்திருந்தேன். வீட்டம்மா முன்வரிசையில்தான் இருக்கிறார். இன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு உண்டா என்பதே சந்தேகம்.

பாத் நகரில் ரட்ஜ் என்று ஒரு மேஜிக் லாந்தர்க்காரர். மேஜிக் லாந்தர் என்றால் கண்ணாடிப் படத்தை விளக்கொளியில் திரையில் காட்டும் கருவி. ஏழு கண்ணாடிப் படங்களைச் சட்சட்டென்று மாற்றி, ஆள் அசைகிற மாதிரி காட்டுவார். அதைப் பார்த்த அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இவருக்குக் கடைசிவரை தெளியவில்லை. கண்ணாடியில் எடுத்துப் பார்த்தார், எண்ணெயில் ஊறவைத்த காகிதத்தில் எடுத்துப் பார்த்தார், பிறகு செல்லுலாய்டு என்ற வளைகிற ஃபிலிமுக்கு வந்தார். 1889 ஜூனில் மார்டிமர் எவன்ஸ் என்ற இன்ஜினியரோடு சேர்ந்து காமிராவுக்குக் காப்புரிமை வாங்கினார். நொடிக்குப் பத்துப் படம்வரை எடுக்கலாம். பத்து போதாது, படம் துள்ளும் என்று தம்பி சொல்வார். சரி, துள்ளட்டுமே! குழந்தை முதலில் தவழத்தானே செய்யும்?

இப்போது போலீஸ்காரர் கதை. நடந்ததா என்று கேட்காதீர்கள், 1951ல் அவரைப் பற்றி எடுத்த பிரிட்டிஷ் படத்தில் இருக்கிறது. நடு ராத்திரி. திரையில் முதல்முறையாக மனிதர்கள் நடக்கிறார்கள். காட்டுவதற்குப் பக்கத்தில் ஒரு ஜீவன் இல்லை. தெருவுக்கு ஓடி, ரோந்து வந்த போலீஸ்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறார். இனிமேல் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், அனுமதியுங்கள். போலீஸ்காரர் தடியைப் பிடித்துக்கொண்டே உள்ளே வருகிறார். திரையில் ஆட்கள். "யார்யா இவங்க?" "பார்க்கில் நடந்தவர்கள்." "எப்போ?" "போன வாரம்." "போன வாரம் நடந்தவன் இன்னிக்கு எப்படிய்யா நடக்கிறான்?"

நடுவர் அவர்களே, கணக்குப் போடுகிறவராக இருந்தால் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார்? கதவைச் சாத்திவிட்டு, "டிக்கெட் எடுத்தாயா?" என்று கேட்டிருப்பார்! இவர் இலவசமாகக் காட்டினார். உலகத்திலேயே போலீஸ்காரரிடம் மாமூல் கொடுக்காமல், படம் காட்டி அனுப்பியவர் இவர் ஒருவர்தான். ஒரு கொசுறு: அந்தப் படத்தில் சில நிமிடம் அந்தப் போலீஸ்காரராக வந்துபோனவர் லாரன்ஸ் ஒலிவியர். அவ்வளவு பெரிய நடிகர், வாயைப் பிளந்து நிற்கிற வேஷத்துக்கு!

இனி சில்லறை. தம்பி, பையில் எவ்வளவு இருந்தது என்று எண்ணினீர்களே, பையிலிருந்து எவ்வளவு போனது என்று எண்ணினீர்களா? 1891ல் மனிதர் திவால். கடனை அடைக்க அந்தக் காப்புரிமையை 500 பவுண்டுக்கு விற்றார். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். ஆக 1,20,000 பென்ஸ். அதை வாங்கியது யார்? உங்கள் அணி! வாங்கிய கணக்குப்புலிகள் புதுப்பிக்கும் கட்டணத்தைக் கட்டவில்லை, காப்புரிமை காலாவதியாகிப் போனது. சினிமாவைக் கையில் வைத்துக்கொண்டு ஃபீஸ் கட்ட மறந்தவர்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்துப் பிழைக்கத் தெரியவில்லை என்கிறார்கள்!

1895 டிசம்பர் 28, பாரிஸ், லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிப் படம் காட்டினார்கள் என்று இன்னொரு நண்பர் சொன்னார். காட்டினார்கள். அவர்கள் திறமைசாலிகள், நான் மறுக்கவில்லை. கலர் படத்துக்கும் ஃப்ரீஸ்-கிரீன் போராடினார், போட்டியாளரின் காப்புரிமையைக் கோர்ட்டில் உடைத்தார், அதிலும் காசு பார்க்கவில்லை. மணி அடிக்கிறீர்கள். இரண்டே நிமிடம், ஐயா.

1921 மே 5. லண்டன் கன்னாட் ரூம்ஸ் மண்டபத்தில் சினிமாக்காரர்கள் கூட்டம். எல்லாரும் படத்தில் சம்பாதித்தவர்கள், ஒருவரோடு ஒருவர் சண்டை. அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் எழுந்தார். பேசினார், பேச்சு கோர்வையாக வரவில்லை. உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அப்படியே சரிந்தார். பையைத் துழாவியபோதுதான் தம்பி, அந்த ஒரு ஷில்லிங் பத்து பென்ஸ்.

ஹெலினா எப்போதோ இறந்துபோய்விட்டார். இவர் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்த மகன் க்ளாட், அப்பா விட்ட கலர் முறையைச் சரிசெய்து, காமிராவைக் காரில் ஏற்றிக்கொண்டு, 1924ல் புறப்பட்டு, பிரிட்டனின் ஒரு கோடியான லேண்ட்ஸ் எண்டிலிருந்து மறுகோடியான ஜான் ஓ கிரோட்ஸ்வரை நாட்டையே வண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பையனின் அம்மா பெயர் எடித். ஆனால் அவன் பெயர் க்ளாட் ஃப்ரீஸ்-கிரீன். பதினெட்டு வயதில் கட்டிய முதல் மனைவியின் பெயரை அந்த மனிதர் விற்கவே இல்லை, ஐயா. வணக்கம்.