போட்டியாளருக்கும் சேர்த்துப் பயிற்சி

மேடையில் இருப்பவர்களுக்கும் எதிரே அமர்ந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

"பயிற்சி கொடுத்து முடித்ததும் ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் என்ன செய்வது?" வேலை மாறுகிற, வேலை இழக்கிற தொழிலாளிக்குப் புதிய திறமை கற்றுக்கொடுக்கும் மறுபயிற்சி என்ற பேச்சை எந்தக் கூட்டத்தில் எடுத்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். சிலர் வாய்விட்டுக் கேட்பார்கள். பலர் மனதுக்குள் கேட்டுக்கொண்டு, பட்ஜெட்டில் அந்த வரியைச் சத்தமில்லாமல் அடித்துவிடுவார்கள். நான் இன்று முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஏனென்றால் அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் சமூகப் பொறுப்பு, புதுமை என்று எவ்வளவு பேசினாலும் ஒரு தொழிலாளிகூட புதிய வேலைக்குப் போகப் போவதில்லை.

பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1964-இல் வந்த தன் நூலில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ஒரு கம்பெனியின் இயந்திரத்துக்கும் நடைமுறைக்கும் மட்டும் பொருந்துகிற திறமை என்றால், அந்தக் கம்பெனி தன் செலவிலேயே கற்றுக்கொடுக்கும். எங்கே போனாலும் கைகொடுக்கிற திறமை என்றால் தயங்கும். அதன் பலன் தொழிலாளியோடு வாசலைத் தாண்டிப் போய்விடுமே! இப்போது நமக்குத் தேவைப்படுவதெல்லாம் அந்த இரண்டாவது வகைதான். ரோபோவைப் பராமரிப்பது, மின்வாகன பேட்டரியைப் பாதுகாப்பாகக் கையாள்வது, தரவைப் படித்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது, இவற்றில் எது ஒரே கம்பெனிக்குச் சொந்தம்? அதனால் எல்லோரும் காத்திருக்கிறார்கள். யாராவது ஒருவர் பயிற்சி கொடுக்கட்டும், நாம் கொஞ்சம் கூடுதல் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்ளலாம் என்று. கடைசியில் யாருமே பயிற்சி கொடுப்பதில்லை. ஒரு பக்கம் காலியிடம் நிரம்பாமல் கிடக்கிறது, பக்கத்திலேயே வேலை போனவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கு ஒரு குறுக்கு வழியைச் சில பெரிய நிறுவனங்கள் பார்த்தன. உன் ஆளை நான் அழைக்க மாட்டேன், என் ஆளை நீ அழைக்காதே என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டன. அமெரிக்க நீதித்துறை இதை விசாரித்தது. 2010-இல் ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி, இன்டுயிட், பிக்சார் ஆகிய ஆறு நிறுவனங்களும் இந்த ஏற்பாட்டைக் கைவிட ஒப்புக்கொண்டன. அப்புறம் ஊழியர்கள் தொடுத்த வழக்கில் ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி நான்கும் 41.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்தன. நிறுவனங்கள் ஒன்றுசேர்வது என்று நான் சொல்லும்போது இதைச் சொல்லவில்லை என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். தொழிலாளியின் காலைக் கட்டிப்போடுவதற்காக ஒன்றுசேர்வது தவறு. பயிற்சிச் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு இத்தனை வருடம் இருந்தே ஆக வேண்டும் என்று கையெழுத்து வாங்குவதும் எனக்கு உவப்பானதல்ல.

சரியான பதில் வேறு இடத்தில் இருக்கிறது. ஆள் யாரிடம் வேண்டுமானாலும் போகட்டும். செலவை மட்டும் எல்லோரும் சேர்ந்து ஏற்கட்டும். பொதுவில் ஒரு நிதி இருந்தால், பயிற்சி பெற்றவர் பக்கத்துக் கம்பெனிக்குப் போனாலும் எனக்கு நஷ்டமில்லை. அவர்களும் அதில் பணம் போட்டிருக்கிறார்கள், நாளை அவர்கள் பயிற்றுவித்தவர் என்னிடம் வருவார். பிரேசிலில் 1942-இலேயே தொழில்துறை அமைப்புகள் நடத்தும் செனாய் பயிற்சி நிறுவனம் இப்படித்தான் தொடங்கியது, சம்பளப் பட்டியலில் 1 சதவீதம் அதற்குப் போகிறது. பிரிட்டன் கட்டுமானத் துறைக்கு 1964-இல் நிறுவனங்களிடம் வசூலிக்கும் ஒரு பயிற்சித் தீர்வையைக் கொண்டுவந்தது. சிங்கப்பூர் 1979-இல் தொடங்கியது. யோசனை பழையதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு சுவீடனில் இருக்கிறது. அங்கே தனியார் நிறுவனங்களின் அமைப்பும் அலுவலக ஊழியர்களின் சங்கங்களும் 1974-இல் ஓர் ஒப்பந்தம் போட்டு, டி.ஆர்.ஆர். என்ற வேலைப் பாதுகாப்பு மன்றத்தை உருவாக்கின. நிறுவனங்கள் சம்பளத் தொகையில் ஒரு சதவீதத்தைவிட மிகக் குறைவான பங்கை அதற்குக் கட்டுகின்றன. ஆள் குறைப்பு என்று ஒரு நிறுவனம் அறிவித்தால், மன்றத்தின் ஆலோசகர் உடனே வந்துவிடுவார். கடைசி நாள் வரை, அதாவது அந்த மனிதர் மனம் உடைந்து வீட்டுக்குள் முடங்கும் வரை காத்திருப்பதில்லை. அவருக்கு என்ன தெரியும், எந்தத் துறையில் ஆள் தேவைப்படுகிறது, இடையில் என்ன கற்க வேண்டும் என்று இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். படிப்புக்கு உதவி கிடைக்கும், புதிய வேலையில் சம்பளம் குறைந்தால் சில காலத்துக்கு ஈடும் உண்டு. 2004-இல் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் இதே போன்ற மன்றம் வந்தது. இதில் நான் கவனிப்பது ஒன்று. ஆள் குறைக்கிற நிறுவனம் நொடித்துப் போகிற நிலையில்கூட இருக்கலாம், அந்த நேரத்தில் அதனிடம் பயிற்சிக்குப் பணம் எங்கே இருக்கும்? நல்ல நாளில் எல்லோரும் சேர்த்து வைத்த பணம்தான் அங்கே நிற்கிறது.

நிதி சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவதற்காகவே ஆட்களை ஏதோ ஒரு வகுப்புக்கு அனுப்பி, கையெழுத்து வாங்கி, கோப்பை மூடுகிற வழக்கம் வெகு சீக்கிரம் வந்துவிடும். பயிற்சியின் மறுமுனையில் ஒரு வேலை இருக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மறுபயிற்சித் திட்டங்கள் அதிகமாகத் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான்.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் பைக்வில்லில், 2015-இல், வேலை இழந்த நிலக்கரித் தொழிலாளர்களுக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொடுக்க ஒரு சிறிய நிறுவனம் முன்வந்தது. ஏறக்குறைய ஆயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். இடம் இருந்தது பத்துப் பேர் அளவுக்கு. சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்குப் புதியது ஏறாது என்று யாராவது சொன்னால் அந்த ஆயிரம் பேரை நினைத்துப் பாருங்கள். கற்கிற ஆசைக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் வேலைக்குத்தான்.

அதே அமெரிக்காவில் மில்வாக்கியில் வேறு மாதிரி செய்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் அங்குள்ள தொழிற்சாலைகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஒரு பயிற்சிக் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். அடுத்து யார் தேவை என்று நிறுவனங்கள் முதலில் சொல்லும், அதற்கேற்ற குறுகிய காலப் பயிற்சியை வடிவமைப்பார்கள், அதற்குப் பிறகுதான் ஆட்களை எடுப்பார்கள். இதையும் பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் இதே போன்ற இரண்டு அமைப்புகளையும் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து ஆராய்ந்தார்கள். 2010-இல் முடிவு வெளியானது. பயிற்சி பெற்றவர்கள் இரண்டு ஆண்டுகளில், பெறாதவர்களைவிடச் சுமார் 18 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்திருந்தார்கள். பைக்வில் தொழிலாளிக்கும் மில்வாக்கி தொழிலாளிக்கும் திறமையில் வித்தியாசம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஓரிடத்தில் ஒரே ஒரு நிறுவனம் தனியாக நின்றது, மற்ற இடத்தில் பல நிறுவனங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தன.

இனி புதுமை பற்றி. புதுமை ஒரு துறையின் வேலை, பயிற்சி இன்னொரு துறையின் வேலை என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். அது சரியில்லை என்பதற்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டும் நிகழ்வு ஓசோன் படலம் தொடர்பானது. மின்னணு சர்க்யூட் பலகைகளைச் சால்டர் செய்த பிறகு, அதாவது உருக்கிய உலோகத்தால் பற்றவைத்த பிறகு, அதில் ஒட்டியிருக்கும் ஃப்ளக்ஸ் கசடை (பற்று நன்றாகப் பிடிக்கப் பூசும் பொருளின் மிச்சத்தை) கழுவ சி.எஃப்.சி.-113 என்ற திரவத்தைப் பயன்படுத்திவந்தார்கள். அது ஓசோனை அழிக்கிறது என்று தெரிந்து, அத்தகைய பொருள்களைக் கட்டுப்படுத்த 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. மாற்று எதுவும் கையில் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக ரகசியமாகத் தேடியிருந்தால் பல வருடம் போயிருக்கும். 1989-இல் ஏடி அண்ட் டி, நார்தர்ன் டெலிகாம், ஃபோர்டு, போயிங் போன்ற பெரிய நிறுவனங்கள், அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் துணையோடு ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. யார் என்ன கண்டுபிடித்தாலும் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், கட்டணம் இல்லை. பழத்தோலிலிருந்து கிடைக்கும் டெர்பீன் கொண்டு கழுவும் முறை ஒரு பக்கம் வந்தது. கழுவவே தேவையில்லாத ஃப்ளக்ஸ் இன்னொரு பக்கம் வந்தது. சந்தையில் ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்தவர்கள்தான் இவர்கள். ஆனால் பலகையை எதில் கழுவுகிறோம் என்பதை வைத்து யாரும் வாடிக்கையாளரைப் பிடிப்பதில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். 1996 பிறக்கும்போது வளர்ந்த நாடுகளில் சி.எஃப்.சி. உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோனது.

கழுவாத சால்டரிங் முறைக்கு மாறுவது என்றால், புது ஃப்ளக்ஸ் டப்பாவை வாங்கி வைத்தால் போதாது. வெப்ப அளவு மாறும், ஃப்ளக்ஸ் போடும் அளவு மாறும், பலகை பார்வைக்கு வேறு மாதிரி இருக்கும். இத்தனை வருடம் பளபளப்பைப் பார்த்துத் தரம் சொன்ன பரிசோதகர் இப்போது எதைப் பார்த்துச் சொல்வது? வரிசையில் நிற்கும் தொழிலாளியின் கையும் கண்ணும் புதிதாகப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் வந்த பிறகுதான் கண்டுபிடிப்பு உலகத்துக்குப் பயன்படத் தொடங்குகிறது. மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு நிதி ஒதுக்குகிறவர்கள் அதே தாளில் பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

பொறுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1950-களின் பிற்பகுதியில் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 6 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். ரூர் பகுதியின் சுரங்க நிறுவனங்கள் பல ஒன்றுசேர்ந்து 1968-இல் ஒரே நிறுவனமானன. அரசின் பெரும் மானியத்தோடு, தொழிற்சங்கத்தைச் சேர்த்துக்கொண்டு, வேறு சுரங்கத்துக்கு மாற்றம், முன்கூட்டிய ஓய்வு, மறுபயிற்சி என்று பல பத்தாண்டுகளாகப் படிப்படியாக ஆட்களைக் குறைத்து, 2018 டிசம்பரில் பாட்ராப் நகரில் கடைசிச் சுரங்கத்தை மூடினார்கள். அதே பகுதியின் கெல்சன்கிர்கன் நகரில் வேலையின்மை இன்னும் ஜெர்மனியிலேயே மிக அதிகமான அளவுகளில் ஒன்றாக இருக்கிறது. இவ்வளவு பணமும் காலமும் கொடுத்தும் இப்படி என்றால், மூன்று மாத வகுப்பு ஒன்றை நடத்திவிட்டுக் கைகழுவுகிறவர்களை என்னவென்று சொல்வது!

நமக்கு ரூர் போல அறுபது வருடம் கிடைக்காது. உலகப் பொருளாதார மன்றம் 2025-இல் நிறுவனங்களிடம் கேட்டுத் தொகுத்த அறிக்கையின்படி, உலகத்தின் தொழிலாளர்கள் 100 பேர் என்று வைத்துக்கொண்டால், 2030-க்குள் 59 பேருக்குப் பயிற்சி வேண்டும். அவர்களில் 11 பேருக்கு அது கிடைக்க வாய்ப்பில்லை. அந்த 11 பேரில் யார் இருப்பார்கள் என்று யோசியுங்கள். ஒப்பந்தத்தில் இருப்பவர், இருபது பேர் மட்டும் வேலை செய்கிற சிறு பட்டறைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், குழந்தை வளர்ப்புக்காகச் சில வருடம் வேலையை விட்டுத் திரும்புகிற பெண். எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் இவர்கள் முழுதாக இல்லை. பொது நிதி ஒன்றுதான் இவர்களைத் தொட முடியும். அதுவும், படிக்கும் காலத்தில் வீட்டுச் செலவுக்குப் பணம் கொடுத்தால்தான். சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் வகுப்பில் உட்கார்கிற வசதி யாருக்கு இருக்கிறது?

இங்கே இருப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய மாநாடு அல்ல. ஒரே தொழிலில் இருக்கும் நாலைந்து நிறுவனங்கள் ஒரு மேசைக்கு வாருங்கள். இரண்டு வருடத்தில் உங்களிடம் மறையப் போகும் வேலைகள் எவை, ஆள் கிடைக்காமல் தவிக்கும் வேலைகள் எவை, இந்த இரண்டு பட்டியலோடு வாருங்கள். எச்.ஆர். மேலாளர் மட்டும் வந்தால் போதாது, ஷிஃப்ட் சூப்பர்வைசரும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் வர வேண்டும். சம்பளத்தையும் விலையையும் பற்றி அங்கே ஒரு வார்த்தை பேசக் கூடாது, போட்டிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். ஒருவரின் முதல் பட்டியலில் இருப்பவர், இன்னொருவரின் இரண்டாவது பட்டியலுக்குப் போக என்ன கற்க வேண்டும் என்று எழுதுங்கள். அந்தச் சான்றிதழை உங்கள் எல்லோரின் நிறுவனங்களும் ஏற்க வேண்டும். சம்பளத் தொகையில் எவ்வளவு போடுவது என்பதை அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள், அதைத் தள்ளிப் போட்டால் மற்றதெல்லாம் பேச்சாகவே நின்றுவிடும். முதல் தடவை முப்பது பேரை எடுங்கள். அவர்களுக்கான வேலை எந்த நிறுவனத்தில், எந்த மாதம் என்று எழுதி வைத்துவிட்டு வகுப்பைத் தொடங்குங்கள்.