நம்பிக்கையைக் கெடுத்தது எதிர்க்கட்சிகளே

நடுவர் ஐயா அவர்களே, இரண்டு அணியிலும் அமர்ந்திருக்கிற பேச்சாளர்களே, திருவிழாக் கூட்டத்தில் இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற அம்மாமாரே, அண்ணன்மாரே, எல்லோருக்கும் வணக்கம்.

வாக்காளரின் நம்பிக்கையை அதிகம் கெடுத்தது ஆளும்கட்சியா, எதிர்க்கட்சியா? இதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசிய ஆசிரியை அக்கா, ஆளும்கட்சியே என்று அடித்துப் பேசினார். கஜானா அவர்கள் கையில், போலீஸ் அவர்கள் கையில், கோப்பு நகர்வதும் நகராததும் அவர்கள் சொல்லில், அதனால் பழியும் அவர்களுக்குத்தான் என்றார். அவர் எடுத்துச் சொன்ன தவறுகளில் ஒன்றைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. ஆளுகிறவர் தவறு செய்தால் எனக்குக் கோபம் வரும். ஆனால் நம்பிக்கை போகாது. அடுத்த தேர்தலில் மாற்றிவிடலாம் என்ற எண்ணம் மிச்சம் இருக்கும். வீட்டுக்குள் புகை மண்டினால் பின்வாசலைத் தேடி ஓடுவோமே, அந்தப் பின்வாசல்தான் எதிர்க்கட்சி. திறந்து பார்த்தால் அதுவும் அதே அறைக்குள் கொண்டுவிடுகிறது என்றால் மனிதன் என்ன செய்வான்? அங்கேதான் நம்பிக்கை உடைகிறது. அதனால்தான் எதிர்க்கட்சிகளே என்ற அணியில் நிற்கிறேன்.

நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. அருமனைப் பக்கம் கொஞ்சம் ரப்பர் வைத்திருக்கிறவன். வாக்கு வந்த நாள் முதல் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. எல்லாப் பக்கமும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தவன் என்ற உரிமையில்தான் பேசுகிறேன்.

முதலில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், இதே விளவங்கோட்டுப் பகுதியில் நடந்த ஒன்று. 2015 ஜூலை 31. மார்த்தாண்டத்தை அடுத்த உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் அங்கேயே உயிரை விட்டார். சேலம் மாவட்டத்துக்காரர். நம்முடைய பிள்ளைகளுக்காக நம்முடைய மண்ணில் வந்து செத்தார். அன்றைக்கு ஆட்சியில் இருந்தது அதிமுக. எதிர்க்கட்சிகள் எல்லாம் தெருவுக்கு வந்தன. அந்தச் சாவுக்குப் பிறகாவது ஏதோ நடக்கப் போகிறது என்று இந்த ஊர்ப் பெண்கள் உண்மையாகவே நம்பினார்கள். 2016 தேர்தல் அறிக்கையில் திமுக முழு மதுவிலக்கு என்றது. அதிமுகவும் படிப்படியாக மதுவிலக்கு என்றது.

சரி, அப்புறம் என்ன நடந்தது? 2016-ல் வென்ற அதிமுக அந்த ஆண்டு 500 கடை, 2017-ல் இன்னொரு 500 கடை மூடியது. அதோடு நின்றது. 2021 தேர்தல் வந்தபோது, எதிர்க்கட்சியாக இருந்து முழு மதுவிலக்கு பேசிய திமுகவின் அறிக்கையில் அந்த வாக்குறுதியைக் காணவில்லை. ஆட்சிக்கு வந்து 2023-ல் அவர்களும் 500 கடை மூடினார்கள். மூடிய பிறகு வருமானம் குறைந்ததா? 2022-23-ல் அரசுக்கு மதுவால் வந்தது 44,121 கோடி ரூபாய். 2023-24-ல் 45,855 கோடி. மதுவின் சில்லறை விற்பனையை 2003-ல் அரசே எடுத்து நடத்தத் தொடங்கியது அதிமுக ஆட்சி. 2024-ல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது எதிர்க்கட்சியாக நின்று நீதி கேட்டதும் அதே அதிமுக. கேட்டது சரிதான். கேட்கத்தான் வேண்டும். ஆனால் "நாங்கள் ஆண்ட காலத்தில் இதில் எங்கள் பங்கு இன்னது, இனி வந்தால் இன்னது செய்வோம்" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தக் கேள்விக்கு எவ்வளவு கனம் இருந்திருக்கும்!

ஆட்சியில் இருந்தவர் மதுவிலக்கைக் கொண்டுவரவில்லை என்பது பழைய ஏமாற்றம். அதைத் தாங்கிக்கொண்டோம். எதிர்வரிசையில் இருந்து அழுத கண்ணீரும் தேர்தல் வரைக்குமானதுதான் என்று தெரிந்த நாளில்தான், குழித்துறையிலும் மார்த்தாண்டத்திலும் பல வீடுகளில் பெண்கள் "யார் வந்தா என்ன" என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்த மூன்று வார்த்தையை அவர்கள் வாயில் வைத்தது யார் என்று நடுவர் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது உள்ளாட்சி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை. ஐந்தாண்டு முடியும் முன்பே ஊராட்சிக்கு அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் கட்டளை. 2016 அக்டோபரில் தேர்தல் நடந்திருக்க வேண்டும். பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியில்லை என்று திமுக தரப்பு வழக்குப் போட்டது, உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. குறையைச் சரிசெய்து உடனே நடத்தியிருக்கலாம். அன்றைய அதிமுக அரசு 2019 டிசம்பர் வரை இழுத்தது. தேர்வானவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் ஆண்டார்கள். "ஜனநாயகப் படுகொலை" என்று எதிர்க்கட்சியாக இருந்த திமுக முழங்கியது. அந்த முழக்கம் நியாயமானது, நானும் கை தட்டியிருக்கிறேன்.

2019-ல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. நம் மாவட்டத்தின் 95 கிராம ஊராட்சிகளும் அதில் அடக்கம். அப்போது ஆட்சியில் யார்? அன்று முழங்கிய அதே திமுக. தேர்தல் வந்ததா? மறுபடி தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். உடனே தேர்தலை நடத்து என்று கேட்கும் இடத்துக்கு யார் போனார்கள்? மூன்று வருடம் நடத்தாமல் வைத்திருந்த அதிமுக.

தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர்க் குழாய் உடைந்துவிட்டது, ஓடையில் அடைப்பு என்றால் நாம் முதலில் பிடிப்பது வார்டு உறுப்பினரைத்தான். அவரைச் சந்தையில் பார்க்கலாம், கோயிலில், பள்ளியில் பார்க்கலாம், முகத்துக்கு நேரே திட்டலாம். அந்த மனிதரையே நம்மிடமிருந்து எடுத்துவிடுகிற விஷயத்தில் இரண்டு பெரிய கட்சிகளும் ஒன்றுபோல நடந்திருக்கின்றன. ஆளும்கட்சி செய்வதை எதிர்க்கட்சி எதிர்ப்பது கொள்கையால் என்று நினைத்தோம். இருக்கிற நாற்காலியால் என்று இந்த ஒரு விவகாரமே காட்டிக்கொடுத்தது.

மலைகளைப் பற்றிப் பேசினால் இரவு முழுக்கப் பேசலாம். டாரஸ் லாரிகள் களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குப் பாறையும் ஜல்லியும் கொண்டுபோவதை இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் ஒதுங்கி நின்றிருக்கிறீர்கள். ஆட்சிகள் மாறின. மறியல் மேடையில் நின்ற முகங்களும் மாறின. லாரி ஓடிக்கொண்டிருக்கிறது.

அக்கா இன்னொன்றும் கேட்டார். எதிர்க்கட்சிக்கு அதிகாரமே இல்லையே, சட்டமன்றத்தில் வாயைத் திறந்தால் வெளியேற்றுகிறார்களே, அவர்களைக் குறை சொல்வது என்ன நியாயம் என்றார். நல்ல கேள்வி. எதிர்க்கட்சித் தலைவருக்கு நம் வரிப்பணத்தில் சம்பளமும் வசதியும் கொடுக்க நாடாளுமன்றம் 1977-ல் தனிச் சட்டமே போட்டது. ஆட்சியைப் போலவே எதிர்ப்பும் ஒரு பொதுப் பணி என்று நினைத்ததால்தானே அது? எதிர்க்கட்சி ஒழுங்காக வேலை செய்தால் என்ன நடக்கும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம், களியக்காவிளையைத் தாண்டினால் போதும். ரப்பர் விலை சரிந்தபோது கேரளத்தில் 2015-ல் காங்கிரஸ் கூட்டணி அரசு கிலோவுக்கு 150 ரூபாய் உறுதி என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அடுத்து வந்த இடதுசாரி அரசு அதைத் தூக்கி எறியவில்லை. 2021-ல் 170 ஆக்கியது, 2024-ல் 180 ஆக்கியது. போதாது என்று அங்கேயும் விவசாயிகள் சொல்கிறார்கள், அது வேறு. ஆனால் ஒருவர் செய்ததை இன்னொருவர் கூட்டிச் செய்கிற நிலை அங்கே இருக்கிறது. இந்தப் பக்கம் அதே மரம், அதே பால், அதே மழைக்காலத்தில் நிற்கிற அதே வெட்டு. எங்களுக்கு வருவது ஆதார விலை கேட்டு ஒரு அறிக்கை.

கூட்டணியைப் பார்ப்போம். நம் நாடாளுமன்றத் தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999-ல் திமுக பாஜகவோடு நின்றது, பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணன் வென்றார். 2004-ல் அதே திமுக காங்கிரஸோடும் இடதுசாரிகளோடும் நின்றது, மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின் வென்றார். அதிமுக 1998-ல் பாஜகவோடு, 1999-ல் காங்கிரஸோடு, 2004-ல் மறுபடி பாஜகவோடு. 2023 செப்டம்பரில் பாஜகவை விட்டு விலகியது, 2025 ஏப்ரலில் திரும்பச் சேர்ந்தது. விளவங்கோட்டில் 2021-ல் காங்கிரஸ் சின்னத்தில் வென்ற சட்டமன்ற உறுப்பினர் 2024-ல் பாஜகவுக்குப் போனார், நாம் இடைத்தேர்தலுக்கு வரிசையில் நின்றோம். கூட்டணி வைப்பது தவறென்று சொல்லமாட்டேன். நேற்றுவரை இவர்களால் நாடே கெட்டது என்று என் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டு, இன்று அவர்கள் தோளில் கை போடும்போது, நேற்று சொன்னது பொய்யா, இன்று செய்வது பொய்யா என்று ஒருவரும் விளக்குவதில்லை. விளக்கம் கேட்கிற தகுதி வாக்காளனுக்கு உண்டென்றே அவர்கள் நினைக்கவில்லை. அதுதான் வலிக்கிறது.

பணத்தில் மட்டும் வேறுபாடு இருக்கிறதா? கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க உதவிய தேர்தல் பத்திரத்தைக் கொண்டுவந்தது மத்தியில் ஆண்ட பாஜக, அதிகம் வாங்கியதும் அவர்கள்தான். 6,000 கோடிக்கு மேல். அங்கே எதிர்க்கட்சியாக இருந்து ஜனநாயகம் பேசிய திமுக, ஒரே ஒரு லாட்டரி நிறுவனத்திடம் மட்டும் வாங்கியது 509 கோடி. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை! 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே ரத்து செய்தது. வழக்குப் போட்டவர்களில் மார்க்சிஸ்ட் கட்சி இருந்தது, பத்திரமும் வாங்கவில்லை, அதற்கு என் மரியாதை. ஆனால் 2019 தேர்தலுக்கு அவர்களுக்கு 10 கோடியும் இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடியும் கொடுத்தது திமுக. அதற்குப் பிறகு திமுக ஆட்சியை அவர்கள் எவ்வளவு குரல் உயர்த்திக் கேட்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு வருவது இயல்புதானே?

இந்த மாவட்டத்துக்கு உண்மையான எதிர்ப்பு என்றால் என்னவென்று தெரியும். 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழ்நாட்டோடு சேரப் போராடியவர்களைத் திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் சுட்டது. ஆண்டது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. அந்தக் கட்சியின் அகில இந்தியப் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, தன் சொந்தக் கட்சியின் அரசே பதவி விலக வேண்டும் என்றார். கட்சி கேட்கவில்லை. அவர் தன் பொறுப்பை விட்டார். நம் மக்கள் சிந்திய ரத்தத்துக்காகக் கட்சியைவிட மனசாட்சியைப் பெரிதாக நினைத்த ஒருவர் இருந்தார். 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம்.

இன்றைக்கும் இங்கே எதிர்ப்பு இருக்கிறது, கட்சி அலுவலகத்தில் அல்ல, கரையில். 2017-ல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் காணாமல்போன தம் உறவுகளைத் தாங்களே படகெடுத்துத் தேடிப் போனார்கள். குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு உட்கார்ந்தார்கள். அதற்கு முன் இனயம் துறைமுகத் திட்டம் வந்தபோது முதலில் எழுந்தது ஊர்மக்கள். கிள்ளியூர் வட்டாரத்தில் 1144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது, 2024 அக்டோபர் 1-க்கு வைத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தைத் தள்ளிவைக்க வைத்ததும் அந்த மக்களின் எதிர்ப்புதான். கட்சிகள் பின்னால் வந்தன, கொடியோடு வந்தன. வந்தவர்கள் வரட்டும். ஆனால் எதிர்க்கட்சியின் வேலையைக் கடலுக்குப் போய்த் திரும்பிய களைப்போடு மீனவனே செய்ய வேண்டியிருக்கிறதே!

அப்படியானால் நோட்டாவை அழுத்துவாயா என்று கேட்கலாம். அழுத்தமாட்டேன். 2013-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பொத்தானைக் கொடுத்தது, நன்றி. எத்தனை பேர் அழுத்தினாலும் முதலில் நிற்கிற வேட்பாளர்தான் வெல்கிறார். நான் வாக்குப் போடுவேன். அதற்கு முன், எதிர்க்கட்சி வேட்பாளர் எங்கள் ஊருக்கு வரும்போது ஆளுங்கட்சியின் குற்றப் பட்டியலைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி, "நீங்கள் ஆண்டபோது ஊராட்சித் தேர்தலை ஏன் நடத்தவில்லை, அடுத்து எந்த மாதம் நடத்துவீர்கள்" என்று கேட்பேன். பதில் சொல்லிவிட்டுப் போகட்டும்.

நடுவர் ஐயா, மணி அடித்துவிட்டீர்கள். எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரு கேள்வியோடு உட்காருகிறேன். 2016-லிருந்து 2019 வரை எங்கள் ஊராட்சி உரிமைக்காகப் பேசியவர்கள் 2025-ல் என்ன செய்தார்கள், 2025-ல் பேசியவர்கள் அதற்கு முன் என்ன செய்தார்கள்? ஆளும்கட்சி என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இதற்கு அவர் விடை சொல்லட்டும். நன்றி, வணக்கம்.